ஓட்டைக்கைக்கு ஒரு வீடு

எங்கள் மாமனாருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். காலையில் நானும் என் ஓர்ப்படி அக்காவும் கிளம்பித் தயாராகி அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நிற்போம்.

"மாமா, ஷெட்டு சாவி."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். சாவி அங்கேதான் இருக்கும். பிறகு நிதானமாகக் கேட்பார்.

"எதுக்கு?"

எதுக்கென்று அவருக்குத் தெரியாதா? ஷெட்டுக்குள் இருப்பது முழுக்க எங்கள் சாமான். சோபா, விளக்கு, கண்ணாடி, கம்பளம், திரைச்சீலை, ஒரு கூடை மெழுகுப் பழம். இருந்தாலும் தினமும் கேட்பார். நாங்களும் வகுப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் மாதிரி "வேலைக்கு மாமா" என்போம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்கா என் முழங்கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்துவாள். அந்த அழுத்தலில்தான் எங்கள் குடும்பம் இத்தனை நாள் உடையாமல் இருந்தது என்று நினைக்கிறேன்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டடத்தில் காலி வீட்டை யாருக்கும் பார்க்கப் பிடிக்காது. நாலு சுவரும் சிமெண்டு வாசனையும் இருந்தால் வாங்க வருகிறவர்களுக்குத் தங்கள் கடன்தான் ஞாபகம் வரும். அதனால் கட்டுகிறவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் போய் அந்த வீட்டுக்குள் யாரோ நன்றாக வாழ்வது போல ஒரு தோற்றத்தை வைத்துவிட்டு வருவோம். வீடு விற்றதும் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவோம். பொய்தான். ஆனால் சுத்தமான பொய்.

அக்கா முன்பு ஒரு விளம்பரக் கம்பெனியில் இங்கிலீஷ் திருத்திக்கொண்டிருந்தவள். எனக்கு இங்கிலீஷ் ஏதோ வரும். ஆனால் ஒரு நாற்காலியைப் பார்த்தால் அதில் யார் உட்காருவார்கள், எவ்வளவு நேரம் உட்காருவார்கள் என்று சொல்லிவிடுவேன். அவளிடம் சொல், என்னிடம் பொருள். இரண்டும் சேர்ந்து ஒரு தொழில்.

கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். "மேடம், லக்ஷுரியா இருக்கணும்." அக்கா அதை ஒத்துக்கொள்ளவே மாட்டாள். கேட்டவரை உட்கார வைத்துப் பாடம் எடுப்பாள்.

"ரிச்னா கையில காசு இருக்கு, அவ்வளவுதான் சார். நேத்து வந்திருக்கலாம், நாளைக்குப் போயிடலாம். வெல்தின்னா அதுக்கு வேர் இருக்கு, சும்மா உக்காந்திருந்தாலும் வளரும். அஃப்ளுவென்ட்னா ஆளை விடத் தெருவைத்தான் சொல்றோம். மரம், நடைபாதை, நல்ல பள்ளிக்கூடம். பாஷ்னு சொல்றவங்க குரல்ல கொஞ்சம் எரிச்சல் இருக்கும். பிளஷ்னா உக்காந்தா அமுங்கணும். உங்க வீட்டுக்கு இதுல எது?"

பெரும்பாலும் அவர்கள் "எல்லாமே போடுங்க" என்பார்கள்.

அப்படி எல்லாம் போடக் கூடாது என்பதற்குத்தான் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து ஒரு ஸ்டூலைக்கூட இறக்குவதற்கு முன்னால், அக்கா காலி ஹாலின் நடுவில் மண்டியிட்டு, சாக்பீஸால் ஒரே ஒரு வார்த்தையைப் பெரிதாகத் தரையில் எழுதுவாள். அதன் பிறகு நான் ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து அந்த வார்த்தைக்கு முன்னால் வைப்பேன். பொருந்தினால் இருக்கும், பொருந்தாவிட்டால் திரும்பப் போகும். எல்லாம் முடிந்த பிறகு கம்பளத்தை அதன் மேல் விரித்துவிடுவோம். பார்க்க வருகிறவர்கள் அந்த வார்த்தையை மிதித்துக்கொண்டே நடப்பார்கள். அவர்களுக்குத் தெரியாது.

ஒரு வார்த்தையை மட்டும் அக்கா எழுதினதே இல்லை. "லாவிஷ் வைக்கலாமேக்கா" என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"அது வீட்டைச் சேர்ந்தது இல்லடி. கையைச் சேர்ந்தது. ஓப்புலென்ட்னா வெச்சிருக்கறது, பாக்கறவன் கண்ணு கூசணும். லாவிஷ்னா கொடுக்கறது. அளவு பாக்காம அள்ளிக் கொடுக்கறது. ஆளே இல்லாத வீட்டுல எந்தக் கை, யாருக்குக் கொடுக்கும்?"

மாமனார் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு நாற்காலியில் சிரிப்பார். "பணம்னா பணந்தான். அதுக்கு எதுக்கு இத்தனை பேரு? புள்ளைக்குக்கூட ஒரு பேருதான் வெக்கறோம்." எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் அவர். அவருக்கு இத்தனை பெயர் தேவைப்படாததில் ஆச்சரியமில்லை.

அவருடைய பழைய சிநேகிதர் ஒரு டயர்க்காரர். எங்கள் ஷெட்டு மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். வந்து வந்து மாமனாரின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாமனார் எங்களைக் கூப்பிட்டு, தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னார்:

"மேல்மாடி வீடு ஒண்ணு விக்காமக் கெடக்குன்னு சொன்னீங்கள்ல? அதை வித்துக் காட்டுங்க. ஷெட்டு உங்களுது, சாவியும் உங்களுது. இல்லைன்னா அடுத்த வாரம் டயர் உள்ள வந்துரும்."

எங்கள் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது வெளியூரில். மாதத்துக்கு ஒரு முறை வந்து அப்பா சொல்வதற்கும் தலையாட்டுவார்கள், நாங்கள் சொல்வதற்கும் தலையாட்டுவார்கள். ஆக, எங்களுக்கு நாங்கள்தான்.

அந்த மேல்மாடி வீட்டைப் பற்றி ஊருக்கே தெரியும். கட்டடத்தில் மற்ற வீடுகள் எல்லாம் விற்று, ஜனங்கள் குடிவந்து, துணி காயப்போட்டு, சண்டையும் போட ஆரம்பித்துவிட்டார்கள். உச்சியில் இருந்த அந்தப் பெரிய வீடு மட்டும் அப்படியே கிடந்தது. எங்களுக்கு முன்னால் மூன்று பேர் அதை அலங்கரித்துப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். கட்டடத்தின் சொந்தக்காரரை நாங்கள் மாடிக்காரர் என்போம். நல்ல மனிதர்; பயந்தால் மட்டும் கத்துவார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு பார்ட்டி வர்றாங்க" என்றார். "லேடி. ஒரு லாரியில ஆரம்பிச்சு இப்ப வரிசையா நிக்குது. புதுப் பணம். அவங்க பிடிக்கலைன்னுட்டா நான் இந்த வீட்டைப் புறாக்களுக்கு எழுதிக் கொடுத்துடுவேன்."

புதுப் பணம் என்றதும் அக்கா கண்ணை மூடி யோசித்தாள். "புதுப் பணத்துக்குக் கண்ணுதான் முதல்ல சாப்பிடும்" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இரண்டு பேரும் அந்த அம்மாளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவருக்கு ஒரு வார்த்தையைத் தைத்துவிட்டோம். அக்கா மண்டியிட்டு ஓப்புலென்ட் என்று எழுதினாள்.

அந்த வார்த்தைக்கு நான் உயிரைக் கொடுத்து உழைத்தேன். தங்க முலாம் சட்டத்தோடு ஆளுயரக் கண்ணாடி. மெல்லிய கால் வைத்த நாற்காலிகள். பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரியில் மெல்லிசான கோப்பைகள். நீளமான மேஜைக்குப் பதிலாகப் பளிங்கு வட்ட மேஜை, அதன் நடுவில் வெள்ளித் தட்டில் மூன்றே மூன்று மெழுகு ஆப்பிள்கள். விளக்கைப் போட்டதும் எனக்கே கண் கூசியது. வார்த்தை பலித்துவிட்டது என்று இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரியக்கா வந்தார். அப்படித்தான் அவரோடு வந்த எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள், நாங்களும் பிடித்துக்கொண்டோம். தனியாக வரவில்லை. ஒரு வேன் நிறைய ஆட்கள். தங்கை, தங்கை வீட்டுக்காரர், கணக்குப் பார்ப்பவர், மூத்த டிரைவர், அவர் மனைவி, இன்னும் யார் யாரோ. லாரியக்கா உரத்துப் பேசிக்கொண்டே படியேறியது எங்களுக்குக் கேட்டது. உள்ளே நுழைந்ததும் குரல் இறங்கிவிட்டது.

எல்லோரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. தங்கை ஒரு நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இங்க எத்தனை பேரு உக்காரலாம்?" என்று லாரியக்கா கேட்டார்.

மாடிக்காரர் பல்லைக் காட்டினார். "மேடம், இது பார்வைக்குங்க."

அப்போதுதான் அது நடந்தது. மூத்த டிரைவர் விடிகாலையிலிருந்து வண்டி ஓட்டியிருப்பார் போல. பசி. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மேஜையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் மெழுகு என்று தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அதைத் தட்டில் திரும்ப வைத்து, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார். திருடி மாட்டிக்கொண்டவர் போல அந்தப் பெரிய மனிதர் நின்றார். அவரை அப்படி நிற்க வைத்தது நான்தான்; என் ஆப்பிள்தான்.

லாரியக்காவும் பார்த்துவிட்டார்.

"தின்ன முடியாத பழத்தை எதுக்கும்மா மேஜையில வெக்கறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாக. பிறகு மாடிக்காரரிடம் மரியாதையாக, "நல்லாருக்குங்க. நாங்க சாப்பிட்டுட்டு இன்னொரு இடமும் பாக்கணும்" என்றார். வீடு பார்க்க வருகிறவர்கள் "நல்லாருக்குங்க" என்றால் முடிந்தது என்று அர்த்தம். அந்தத் தொனி எங்களுக்கு அத்துப்படி.

ஷெட்டு வாசலில் டயர் அடுக்கியிருப்பது என் கண்முன் வந்தது. யோசிக்கவே இல்லை. படியில் இறங்கிக்கொண்டிருந்தவரின் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, சாப்பிட்டுட்டு ஒரே ஒரு தடவை திரும்பி வாங்க. நாலு மணிக்கு. உங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. எத்தனை பேரு உக்காரலாம்னு கேட்டீங்கள்ல, அப்ப பதில் சொல்றேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பதில் சொல்ல நாலு மணி வரைக்கும் ஆகுமா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டால் வருவார் என்று எனக்குப் பட்டது.

மாடிக்காரர் கத்திய கத்தலில் மாடிப் புறாக்கள் எல்லாம் பறந்தன. அக்கா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. கம்பளத்தைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினாள். தரையில் ஓப்புலென்ட் பளிச்சென்று கிடந்தது. ஈரத் துணியால் அதை அழித்தாள். முழுதாகப் போகவில்லை, வெள்ளைத் தேய்ப்பாக நின்றது.

"ஆளே இல்லாத வீட்டுல எப்படி வெக்கறதுன்னு கேட்டேன்ல" என்றாள். "ஆளைத்தான் அவங்களே கூட்டிட்டு வர்றாங்களே. நமக்குத்தான் புத்தி இல்ல." அந்தத் தேய்ப்பின் மேலேயே லாவிஷ் என்று எழுதினாள். முதல் முறையாக.

நான் மாமனாருக்குப் போன் போட்டேன். எங்கள் சாமான் ஏற்றும் வேன் அவருடையது, அவரைத் தவிர யாரையும் ஓட்ட விடமாட்டார்.

"மாமா, ஷெட்டுல பின்னாடி இருக்கற நீள மேஜை வேணும். பெஞ்சு எல்லாம் வேணும். இருக்கற நாற்காலி அத்தனையும் ஏத்துங்க."

"எதுக்கு?"

வாழ்க்கையில் முதல் முறையாக நான் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன். "ஜெயிக்கறதுக்கு மாமா."

"வண்டி ஓட்டறது வேற, ஷெட்டு வேற. ஞாபகம் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஆனால் வந்தார். எங்களைத் தோற்கடிக்க ஆசைப்பட்டாரோ என்னவோ, ஏமாற்றித் தோற்கடிக்க ஆசைப்பட்டதில்லை. அதை அவரைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. தங்கக் கண்ணாடி வெளியே போனது. பூட்டு அலமாரி வெளியே போனது. பளிங்கு மேஜையை நானும் கட்டடத்துக் காவல்காரரும் உருட்டியே தள்ளினோம். எந்த வீட்டுக்கும் பொருந்தாமல் தூசி படிந்து கிடந்த நீள மேஜை லிஃப்டுக்குள் நுழையவில்லை. மாமனாரும் மாடிக்காரரும் அதை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே படி வழியாகத் தூக்கி வந்தார்கள். அதைச் சுற்றி நாற்காலி, பெஞ்சு, ஸ்டூல், ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. பார்த்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து உட்காரப் போவது போல இருந்தது. சமையலறையில் கதவில்லாத அலமாரியில் கனமான பீங்கான் தட்டுகளையும் டம்ளர்களையும் அடுக்கினேன், கையை நீட்டினால் எடுக்கலாம். வாசலில் பை மாட்ட வரிசையாகக் கொக்கி. குளியலறையில் துண்டு ஒன்று இரண்டு இல்லை, ஒரு குவியல். அக்கா சந்தைக்கு ஓடி, இரண்டு கூடை நிறையப் பழத்தோடு மூச்சிரைக்க வந்தாள். ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை. தட்டில் அடுக்கவில்லை. மேஜை நடுவில் அப்படியே கொட்டினாள்.

மாமனார் ஓர் ஆப்பிளை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "நிசமா?" என்றார். பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். கடைசியில் கம்பளத்தை விரித்தோம்.

நாலு மணிக்கு லாரியக்காவின் வேன் வந்தது. காலையில் வந்ததைவிட ஆள் அதிகம். படியில் லாரியக்காவின் குரல் முன்னால் வந்தது. உள்ளே நுழைந்ததும் இந்தத் தடவை குரல் இறங்கவில்லை.

"அடேயப்பா!" என்றார்.

அவ்வளவுதான். தங்கை பையைக் கொக்கியில் மாட்டினாள். கணக்குப் பார்ப்பவர் ஒரு பெஞ்சைப் பிடித்தார். நாற்காலி இழுபடும் சத்தம், இடம் கொடுங்கப்பா, இங்க வாங்க, தண்ணி எங்கம்மா இருக்கு. கேட்ட ஆளே அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டார். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் இரண்டு ஸ்டூல் மிச்சம் இருந்தது.

"இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்க்கா" என்றேன்.

மூத்த டிரைவர் மட்டும் மேஜைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார். நான் ஓர் ஆப்பிளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். என்னைப் பார்த்தார். பிறகு லாரியக்காவைப் பார்த்தார். பிறகு ஒரு கடி கடித்தார். கருக்கென்ற அந்தச் சத்தத்துக்கு ஹாலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மறைக்கவும் இல்லை.

ஆனால் லாரியக்கா வெறும் சிரிப்புக்கு மயங்குகிறவர் இல்லை. குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். சரக்கு ஏற்றுகிறவர்கள் முதலில் தரையைத்தான் பார்ப்பார்களாம். குனிந்து, யாரும் தடுப்பதற்குள் கம்பளத்தின் முனையைத் தூக்கிவிட்டார்.

மாடிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். லாரியக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"லாவிஷ். இது என்ன, டைல்ஸ் கம்பெனி பேரா?"

அக்கா ஒளிக்கவில்லை. எங்கள் வழக்கத்தைச் சொன்னாள். காலையில் இருந்த வார்த்தையையும் சொன்னாள். "அது கண்ணுக்கான வார்த்தைங்க. உங்களைப் பாக்காமலே எழுதிட்டோம், தப்பு. இது கைக்கான வார்த்தை. அளவு பாக்காமக் கொடுக்கற கை."

"தமிழ்ல என்ன?"

"தாராளம்னு சொல்லலாம். ஆனா அதுக்கும் கொஞ்சம் மேல. பாக்கறவங்களுக்கு, ஐயோ, இவ்வளவு எதுக்குன்னு தோணும்."

லாரியக்கா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க வீட்ல என்னைய ஓட்டைக்கைம்பாங்க" என்றார் மெதுவாக. "எங்கம்மா சொல்லும், மாமியார் சொல்லும், எல்லாரும். உன் கையில எதுவும் நிக்காதும்பாங்க. லாரி வாங்கினப்புறமும் நிறுத்தலை. அதுக்கு இங்கிலீஷ்ல இப்படி அழகா ஒரு பேரு இருக்கா?"

"இருக்கு. ஆனா பொய் சொல்லக் கூடாது" என்றாள் அக்கா. "அதுலயும் கொஞ்சம் திட்டு ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

லாரியக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அந்தப் பெரிய ஹாலே பத்தவில்லை. "திட்டு இருந்தா இருக்கட்டும். அது எனக்குப் பழக்கம்!" என்று சொல்லிவிட்டு மாடிக்காரர் பக்கம் திரும்பினார். "வீடு எனக்கு. இந்த மேஜையும் இங்கதான் இருக்கணும், பெஞ்சும் இருக்கணும். இந்த எழுத்தை யாரும் அழிக்காதீங்க."

மாடிக்காரர் சந்தோஷத்தில் எதிரே நின்றவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அது எங்கள் மாமனார்.

திரும்பி வரும்போது மாமனார்தான் வேனை ஓட்டினார். மடியில் ஓர் ஆப்பிள் இருந்தது, யார் கொடுத்தார்களோ. வீட்டுக்கு வந்தால் ஷெட்டு வாசலில் டயர்க்காரர் நிற்கிறார். நாங்கள் தோற்றுவிடுவோம் என்ற நம்பிக்கையில் டயர்களையும் கொண்டுவந்து அடுக்கிவைத்திருந்தார்.

"என்னப்பா, இறக்கிடலாமா?" என்று மாமனாரிடம் கேட்டார்.

மாமனார் வண்டியை விட்டு இறங்கினார். "வித்துட்டாங்கப்பா" என்றார்.

"என்னது?"

"வித்துட்டாங்க. காலையில ஒரு பேரு எழுதினாங்க, விக்கலை. மத்தியானம் வேற பேரு எழுதினாங்க, வித்துருச்சு. நானே மேஜை தூக்கினேன்." அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் அதுவரை கேட்டதில்லை. சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முதல் டயரை அவரே தெருப் பக்கம் உருட்டினார். இரண்டாவதை நான் உருட்டினேன். மூன்றாவதை அக்கா ஓர் உதை விட்டாள். டயர்க்காரர் அதன் பின்னாலேயே ஓடினார்.

மாமனார் பையிலிருந்து சாவியை எடுத்தார். கொடுக்கும்போது கை ஒரு நொடி தயங்கியது. ஆனால் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஷெட்டை நான் பூட்டினேன். சாவியை என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

மறுநாள் காலை அக்காவும் நானும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். மாமனார் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஷெட்டு சாவி கொஞ்சம் குடும்மா."

அக்கா என் முழங்கையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டாள்.

நான் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காபியை இன்னொரு மடக்குக் குடித்தேன்.

"எதுக்கு மாமா?" என்றேன்.